குறைந்த விலையில் லைன் கவுண்டர் ரீல்: ட்ரோலிங் தொடங்குவோர் பார்த்து வாங்குவது எப்படி?

ட்ரோலிங்கில், அதாவது ஓடும் படகுக்குப் பின்னால் லூர் என்னும் போலி இரையை இழுத்துப் பிடிப்பதில், ஒரு மீன் அடித்ததும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்த நேரத்தில் லூர் படகுக்குப் பின்னால் எத்தனை அடியில் ஓடிக்கொண்டிருந்தது? 85 அடி என்று தெரிந்தால் அடுத்த முறையும் அதே 85 அடிக்கு விடலாம். தெரியாவிட்டால் மறுபடி குத்துமதிப்புதான். இந்த எண்ணைக் காட்டத்தான் லைன் கவுண்டர் ரீல்.

அது காட்டுவது வெளியே போன நரம்பின் நீளம், ஆழம் அல்ல. 100 அடி விட்டால் லூர் 100 அடி ஆழத்தில் இருக்கும் என்று புதியவர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விட்ட நீளத்தோடு லூரின் உதட்டு அமைப்பு, நரம்பின் தடிமன், படகின் வேகம் மூன்றும் சேர்ந்துதான் ஆழத்தை முடிவு செய்யும்.

1. கவுண்டர் எப்படி எண்ணுகிறது

வாங்குவதற்கு முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரீலுக்குள் இருக்கும் கவுண்டர் நரம்பை அளப்பதில்லை, நரம்பு சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூல் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. ஸ்பூல் நிறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு அந்தச் சுற்றுகளை அடியாக மாற்றிக் காட்டுகிறது.

நிறைந்த ஸ்பூலில் நரம்புச் சுருளின் விட்டம் 50 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 157 மி.மீ. நரம்பு வெளியேறும். நரம்பு குறைவாகச் சுற்றி விட்டம் 40 மி.மீ. ஆகிவிட்டால் ஒரு சுற்றுக்கு 126 மி.மீ. மட்டுமே. கவுண்டர் 100 அடி என்று காட்டும், ஆனால் போயிருப்பது 80 அடிதான். ‘மலிவு ரீல், கவுண்டர் சரியில்லை’ என்ற புகார்களில் பல உண்மையில் ஸ்பூலைச் சரியாக நிரப்பாததால் வருபவை. விலை உயர்ந்த ரீலிலும் இதே கணக்குதான்.

2. அளவைத் தேர்ந்தெடுங்கள்

பல தயாரிப்பாளர்கள் 15, 20, 30, 45 போன்ற எண்களில் அளவைக் குறிக்கிறார்கள். தண்ணீரில் மூழ்கி ஓடும் சாதாரண லூர்களுக்கு 20 போதும். லூரை ஆழத்துக்கு இழுத்துச் செல்லும் கனமான மூழ்கு தகடுகள், எடைக்குண்டால் நரம்பை ஆழத்துக்கு இறக்கும் டவுன்ரிக்கர் இரண்டுக்கும் 30 நல்லது. உள்ளே ஈயம் வைத்த ஈய நரம்பை இழுப்பதாக இருந்தால் 45. அந்த நரம்பு தடிமனானது, சின்ன ஸ்பூலில் கொள்ளாது. அளவு எண் எல்லா நிறுவனத்திலும் ஒரே பொருள் தராது. பெட்டியில் எழுதியிருக்கும் நரம்புக் கொள்ளளவைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் சுற்றும் எண்ணிக்கை) 4.2:1 அல்லது 5.1:1 இருந்தால் தொடக்கத்துக்குப் போதுமானது. 6-க்கு மேல் போனால் காலி நரம்பு வேகமாகத் திரும்பும், ஆனால் நீருக்கு எதிராக இழுக்கும் தகட்டைச் சுற்றும்போது கை ஓய்ந்துவிடும்.

3. எதற்குப் பணம் கொடுக்கலாம்

டிராக்குக்குக் கொடுங்கள், மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக் அது. படகு நகர்ந்துகொண்டிருக்கும்போதே மீன் அடிப்பதால், முதல் இழுப்பிலேயே டிராக் வெட்டாமல் வழுகிக் கொடுக்க வேண்டும். கார்பன் வாஷர் இருந்தால் நல்லது. பேரிங் எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். எறிந்து பிடிக்கும் ரீலுக்கு அது உதவலாம், ட்ரோலிங்கில் பெரிய பயன் இல்லை.

ஒகுமா மேக்டா, டைவா அக்யூடெப்த் வரிசைகள் தொடக்கக்காரர்களிடம் நெடுநாளாகப் புழங்குபவை. எதை எடுத்தாலும் ஒரே மாடலில், ஒரே அளவில் இரண்டு வாங்குங்கள். விலை உயர்ந்த ஒன்றைவிட மலிவான இரண்டு மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. இரண்டிலும் ஒரே நரம்பை ஒரே அளவு நிரப்பினால், பிழை இருந்தாலும் ஒரே பிழையாக இருக்கும். ஒரு கம்பில் மீன் அடித்த எண்ணை அப்படியே மற்றதற்கும் பயன்படுத்தலாம்.

4. கையில் எடுத்துச் சோதியுங்கள்

கவுண்டரைப் பூஜ்யமாக்கி, ஸ்பூலைக் கையால் மெதுவாகச் சுழற்றுங்கள். எண்கள் பாதியில் நிற்காமல் முழுதாகப் புரள வேண்டும், 99-லிருந்து 100-க்கு மாறும் இடத்தை முக்கியமாகப் பாருங்கள். நரம்பைப் பரப்பும் லெவல்வைண்ட் இரு ஓரம்வரை தடங்கலின்றிப் போய்வருகிறதா? நரம்பு ஓடும்போது ஒலிக்கும் கிளிக்கரின் சத்தம் மோட்டார் இரைச்சலிலும் கேட்குமா? பழைய ரீல் என்றால் டிராக்கை ஓரளவு இறுக்கி, நரம்பை மெதுவாக இழுங்கள். விட்டு விட்டு வழுகினால் வாஷர் தேய்ந்திருக்கலாம், அல்லது அழுக்கேறியிருக்கலாம்.

5. நிரப்பி, அளவு சரிபார்த்தல்

ஸ்பூல் விளிம்புக்குக் கீழே சுமார் 3 மி.மீ. விட்டு நிரப்புங்கள். முழு ஸ்பூலுக்கும் நல்ல நரம்பு வாங்க வேண்டியதில்லை, அடியில் மலிவான நைலான் நரம்பைச் சுற்றலாம். பின்னல் நரம்பு போடுவதானால் அடியில் நைலான் கட்டாயம், இல்லாவிட்டால் மொத்தச் சுருளும் ஸ்பூல் மேல் வழுகிச் சுழலும்.

அடி நரம்பு எவ்வளவு வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரே மாதிரி இரண்டு ரீல் இருப்பது கைகொடுக்கும். முதல் ரீலில் நல்ல நரம்பை முதலில் சுற்றி, அதன் மேல் அடி நரம்பை விளிம்புக்கு 3 மி.மீ. கீழேவரை நிரப்புங்கள். பிறகு மொத்தத்தையும் இரண்டாவது ரீலுக்கு மாற்றுங்கள். வரிசை தலைகீழாகி, அடி நரம்பு அடியில் வந்துவிடும். மாற்றும்போது அடி நரம்புக்கு எத்தனை கைப்பிடிச் சுற்று ஆனது என்று குறித்துக்கொண்டு, முதல் ரீலுக்கும் அதே எண்ணிக்கையில் சுற்றிவிடலாம். நரம்பை ஈரத்துணிக்கு நடுவே அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் பிறகு மீன் இழுக்கும்போது மேல் நரம்பு கீழ் அடுக்குக்குள் புதைந்து சிக்கும்.

இனி தரையில் 30.5 மீட்டர் அளந்து குறியிடுங்கள், அதுதான் 100 அடி. நுனியை ஒரு கம்பத்தில் கட்டி, கவுண்டரைப் பூஜ்யமாக்கி, நரம்பு தொய்யாதபடி ஸ்பூலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்திக்கொண்டு குறிவரை நடங்கள். 100-க்குப் பக்கத்தில் காட்டினால் சரி. 110 காட்டினால் ஸ்பூல் நிறையவில்லை. மேலே சொன்ன 50 மி.மீ. ஸ்பூலில் சுமார் 2 மி.மீ. கனத்துக்கு இன்னும் அடி நரம்பு தேவை. 100-க்குக் குறைவாக வந்தால் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறீர்கள், கொஞ்சம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை நரம்பு அறுந்து 15, 20 மீட்டர் போனாலும் இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

6. டிராக்கும் பராமரிப்பும்

டிராக்கை நரம்பின் அறுபடும் எடையில் கால்வாசிக்கு வையுங்கள், 8 கிலோ நரம்புக்கு 2 கிலோ. தொங்கு தராசை நரம்பில் மாட்டி இழுத்தால் தெரிந்துவிடும். பின்னல் நரம்பு நீளாது என்பதால் அதற்கு இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓட ஓட ஸ்பூல் விட்டம் குறைந்து டிராக் தானாகவே இறுகும்: 50 மி.மீ. 40 ஆனால் 2 கிலோ 2.5 ஆகிவிடும். பெரிய மீன்கள் கடைசி நேரத்தில் அறுத்துக்கொண்டு போவதற்கு இது ஒரு காரணம், அந்த இடத்தில் டிராக்கை இறுக்கக் கூடாது.

கடலில் பயன்படுத்திய அன்றே நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு கவுண்டரின் கியருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், எண்கள் சிக்கத் தொடங்க அது ஒரு காரணம். கழுவும்போது டிராக் இறுக்கமாக இருக்கட்டும், துடைத்து நிழலில் காயவைத்த பிறகு முழுக்கத் தளர்த்தி எடுத்து வையுங்கள்.