வாடிய செடிகளை மலிவாக வாங்கித் தேற்றும் முறை

நாற்றுப்பண்ணைகளின் ஓரத்தில் பாதி விலைக்கு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் செம்பருத்தி, இட்லிப்பூ, நந்தியாவட்டை போன்ற செடிகளில் பல, நோயினால் அல்லாமல், தண்ணீர் இல்லாமலும் பைக்குள் வேர் நெருங்கியுமே வாடியிருக்கும். வாங்குமுன் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் செடியில் உயிர் இருக்கிறது. தண்டின் அடிப்பகுதி அழுகிக் கொழகொழவென்று இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பைக்குள் நிரப்பியிருக்கும் தென்னை நார்க்கழிவு காய்ந்துபோனால் மேலே ஊற்றும் நீரை உறிஞ்சாமல் பையின் ஓரமாக வழியவிட்டுவிடும் என்பதால், வீட்டுக்கு வந்தவுடன் பையோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழிகள் நிற்கும்வரை வைத்திருந்து, பின் நன்றாக வடியவிட வேண்டும். பிறகு காய்ந்த கிளைகளைப் பச்சை தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு, பந்தாகச் சுற்றியிருக்கும் வேர்களை விரலால் மெல்லப் பிரித்து, சற்றே பெரிய தொட்டிக்கு மாற்றலாம். காகிதப்பூவுக்கு மட்டும் இது ஆகாது. அதன் வேரைக் கலைக்காமல் மண்கட்டியோடு நடுவதே நல்லது. மாவுப்பூச்சி தென்பட்டால், ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்து, மற்றச் செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள். புதுத் துளிர் வரும்வரை அரைநிழல் போதும். அதற்குள் அவசரப்பட்டு ரசாயன உரம் போட்டால் நலிந்த வேர் கருகிவிடும்.