'ரேங்க் வீணாகிவிடும்': மேற்படிப்புத் துறையைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியாத்தத்தில் நான் மனநல மருத்துவராகப் பணிபுரியும் மருத்துவமனைக்கு இரவுப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்களில் பாதிப்பேர் வேலூர்ப் பக்கத்தவர்கள். மற்றவர்கள் பரதராமி தாண்டிச் சித்தூரிலிருந்தும், பலமனேர், குப்பம் பகுதிகளிலிருந்தும் வருகிறவர்கள். எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, மேற்படிப்புக்கான நீட் பிஜி தேர்வுக்குப் படித்துக்கொண்டே டியூட்டி பார்க்கும் இவர்கள், ரேங்க் வரிசையில் இடம் ஒதுக்கும் கவுன்சிலிங் தொடங்கியதும், வேண்டிய துறைகளை வரிசைப்படுத்திய தங்கள் சாய்ஸ் பட்டியலை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பட்டியல்களில் என் பழைய கையெழுத்தையே பார்க்கிறேன். சான்றிதழை மறப்பது, கெடுவைத் தவறவிடுவது போன்றவற்றைச் சொல்லித்தரச் சீனியர்கள் போதும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலாண்டு ஆசையைச் சத்தியமாக எண்ணுவது

கல்லூரிக்குள் நுழையும்போது இதயம், மூளை ஆகிய இரண்டைத் தவிர வேறு உறுப்புகளுக்கு மருத்துவர் தேவை என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. உடற்கூறு அறையில் கத்தியைப் பிடித்ததும் எல்லோரும் அறுவை மருத்துவர்களாகிவிடுகிறார்கள். வார்டுக்குப் போகத் தொடங்கியதும் பொது மருத்துவம் பெரிதாகத் தெரிகிறது. படிப்பின் முடிவில் பயிற்சி மருத்துவராக இருக்கும் ஹவுஸ் சர்ஜன் ஆண்டு வந்ததும், எந்தத் துறையில் தூங்க முடியும் என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. இந்த மாற்றங்களில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பதினேழு வயதில் பார்த்திராத வேலையை இருபத்து மூன்று வயதில் பார்க்கிறோம், அவ்வளவுதான். பள்ளி ஆண்டு விழா மேடையில் 'இதய நிபுணர் ஆவேன்' என்று சொன்னதற்காகவே அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

'ரேங்க் வீணாகிவிடும்' என்று நம்புவது

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் மனநலத் துறையில் எனக்குக் கிடைத்தது இரண்டே வாரம். ஆந்திர எல்லை ஊர்ப்பெண் என்பதால் எனக்குத் தெலுங்கு சரளமாக வரும்; அதனால், அங்கிருந்து வரும் நோயாளிகளிடம் பேசுவதற்காகத் துறையின் தலைமை மருத்துவரான சீஃப் என்னைத் தம் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். ஒரு நாள், பல மாதங்களாக வயிற்று வலி என்று பல மருத்துவமனைகளில் ஸ்கேன் எடுத்துக் களைத்துப் போயிருந்த ஒரு பாட்டி, தன் மகன் இறந்ததை முதன்முறையாக எங்களிடம் சொன்னார். அன்று மதியம் சாப்பாட்டுக்குப் போகாமல் அவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கான துறை எது என்பதில் அதன்பிறகு ஐயமே இருக்கவில்லை.

ஆனாலும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டியலை இனி மாற்ற முடியாதபடி இறுதியாக்கும், அதாவது சாய்ஸ் லாக் செய்யும் நாளன்று மாலை பெரியப்பா வந்தார். முந்தைய ஆண்டு எந்தத் துறை எந்த ரேங்க் வரை போயிற்று என்ற தாளை எங்கோ அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். "ஏம்மா, இந்த ரேங்குக்கு ஓஜி தாராளமா கிடைக்குதே, அதை விட்டுட்டு சைக்கியாட்ரியா? ரேங்க் வீணாப் போயிடுமே. பொம்பளைப் புள்ளைக்கு மகப்பேறு டாக்டர்னா ஊர்லயே கூட்டம் வரும்." அவர் தீய நோக்கத்தோடு சொல்லவில்லை. நான் வரிசையை மாற்றினேன்.

எட்டு மாதம் மகப்பேறு மருத்துவம் படித்தேன். வேலை தெரியாமல் நான் தவிக்கவில்லை. பிரசவம் பார்த்தேன், தையல் போட்டேன், இரவெல்லாம் நின்றேன். ஆனால் குழந்தை பிறந்த பின் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளும் தாயிடம் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று மனம் சொல்லும்போதெல்லாம் அடுத்த மேசையிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். ஒன்பதாம் மாதம் சீட்டை விட்டு விலகினேன். விலகல் தொகை 10 லட்சம் ரூபாய். அதைக் கட்டும்வரை அசல் சான்றிதழ்கள் கல்லூரியின் பிடியிலேயே இருந்தன. அப்பா மாந்தோப்பை அடகு வைத்தார். மனநல மருத்துவத்தில் சேர்வதற்குள் இரண்டு ஆண்டுகள் போயின. பணத்தையும் காலத்தையும்விட என்னை உறுத்துவது வேறொன்று: நான் விட்ட சீட் காலியாகவே கிடந்தது. மகப்பேறு மருத்துவத்தையே விரும்பி, என்னைவிடச் சில ரேங்க் பின்தங்கியதால் அதை இழந்த ஒருவர் எங்கோ இருந்திருப்பார். என் இரவுப் பணிகளையும் என்னுடன் படித்தவர்களே பங்கிட்டுக்கொண்டார்கள்.

ரேங்க் என்பது மூன்றரை மணி நேரத்தில் 200 கேள்விகளுக்கு அளித்த விடைகளின் விளைவு. கையில் இருக்கும் பணம் முழுவதற்கும் ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்று சந்தைக்குப் போகிறவனை நாம் புத்திசாலி என்று சொல்வதில்லை. ரேங்க் விஷயத்தில் மட்டும் அதையே சாமர்த்தியம் என்கிறோம். ஒரு துறை எந்த ரேங்கில் முடிந்தது என்பது, சென்ற ஆண்டு மற்றவர்கள் எதை விரும்பினார்கள் என்பதை மட்டுமே காட்டும். அந்த விருப்பமும் நிலையானதன்று. என் ஆசிரியர்கள் காலத்தில் பொது அறுவை மருத்துவத்திற்கு இருந்த போட்டி இன்று இல்லை. ரேடியாலஜியும் தோல் மருத்துவமும் மேலே நிற்பதற்கு நேர ஒழுங்கு, குறைந்த அவசர அழைப்பு, வருமானம் என நியாயமான காரணங்கள் உண்டு. அவைதாம் உங்கள் காரணங்கள் என்றால் தலை நிமிர்ந்து அவற்றையே முதலில் எழுதுங்கள். யாரும் குறைத்துப் பேச உரிமையில்லை.

சென்ற ஆண்டு ஒரு தம்பி பட்டியலைக் காட்டினார். கேஷுவாலிட்டியில் அழும் குழந்தையை எந்தச் செவிலியரும் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். குழந்தை மருத்துவம்தான் விருப்பம் என்று அவரே பல முறை சொல்லியிருந்தார். பட்டியலில் முதல் பதினான்கு இடங்களிலும் ரேடியாலஜி. ஏன் என்று கேட்டேன். "ரேங்க் வீணாகிவிடும் மேடம்." ரேடியாலஜித் துறையில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று கேட்டேன். ரிப்போர்ட் வாங்கத்தான் போயிருக்கிறாராம்.

துறையின் சுவையான பகுதி எல்லோருக்கும் பிடிக்கும். சலிப்பான பகுதியை உங்களால் தாங்க முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும். ரேடியாலஜியில் அது அடுத்தடுத்து வரும் நூறு நார்மல் ஸ்கேன்கள். குழந்தை மருத்துவத்தில் சளியும் அதைவிடப் பெரிதாகக் கவலைப்படும் பாட்டிகளும். என் துறையில், மூன்று நிமிடத்தில் முடியும் பழைய நோயாளிகளின் மாத்திரைச் சீட்டு வரிசை. அந்த வரிசை எனக்கு அலுப்பதில்லை.

சீஃபைப் பார்த்துத் துறையைத் தேர்ந்தெடுப்பது

நன்றாகக் கற்பிக்கும் ஒருவர் எந்தத் துறையையும் அழகாக்கிவிடுவார். அவர் விடுப்பில் இருக்கும் வாரத்தில் அந்த வார்டுக்குப் போய்ப் பாருங்கள்.

பார்க்காத துறையைத் தள்ளிவிடுவது

ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் சமூக மருத்துவத்திற்கு 12 வாரம். மனநலத்திற்கு 2 வாரம். மனநலம் இளநிலைப் படிப்பில் தனித் தேர்வு இல்லாத பாடம். தேர்வில்லாத பாடத்தை நம் மாணவர்கள் பாடமாகவே எண்ணுவதில்லை. 2019இல் வந்த பாடத்திட்டம் விருப்பப் பயிற்சிக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த நாட்களைத் தேர்வுத் தயாரிப்பில் கரைத்துவிடாமல், நீங்கள் பார்த்திராத துறைக்குக் கொடுங்கள். கேரளத்திலிருந்து வேலூர் சி.எம்.சி.க்கு வந்து படித்த மேரி வர்கீஸ் மகப்பேறு மருத்துவராகவே விரும்பினார். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த பின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளில் அறுவை சிகிச்சை செய்யக் கற்றார். நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையத்தை உருவாக்கினார். அவர் மாணவியாக இருந்தபோது மறுவாழ்வு மருத்துவம் என்ற அந்தத் துறை இங்கே இருக்கவே இல்லை.

வாழப்போகும் ஊரை மறப்பது

பெரிய மருத்துவமனையில் பார்த்த சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனை தேவை. குழந்தைகளுக்கான இதய அறுவை மருத்துவர் குடியாத்தத்தில் கிளினிக் வைத்து உட்கார முடியாது. ஊர் திரும்ப வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், முதுநிலை மாணவர்கள் 3 மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரியும் திட்டத்தில் இருப்பவர்களிடம் அங்கே அந்தத் துறை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். மொழியும் கணக்கில் உண்டு: தெலுங்கு தெரியாமல் இந்த எல்லையில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடலாம், என் வேலையைச் செய்ய முடியாது.

சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு யோசிப்பது

நான் கட்டியது 10 லட்சம்.

இரவுப் பணி முடிந்த காலையில் முடிவெடுப்பது

தூங்கி எழுந்து யோசியுங்கள்.

வீட்டாரிடம் கடைசி மாலையில் பேசுவது

இதய நிபுணர் என்றால் நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு, மேற்படிப்பான எம்.டி. மூன்று, அதன்பின் இதயத்துக்கென்றே படிக்கும் டி.எம். மூன்று, இடையில் ஓர் ஆண்டும் வீணாகாவிட்டால்கூடப் பதினொன்றரை ஆண்டு. இதைப் பொறுமையாக விளக்கினால், 'என் மகன் ஹார்ட் டாக்டர்' என்று சொல்லிவரும் அம்மாக்களில் பலர் வேறு கேள்விகள் கேட்கத் தொடங்குவார்கள். மனநல மருத்துவரிடம் யார் வருகிறார்கள், பெண் மருத்துவருக்கு அது பாதுகாப்பானதா, வருமானம் போதுமா என்று அவர்கள் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் விடை உண்டு. விடை சொல்ல நாட்கள் வேண்டும். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பேசத் தொடங்குங்கள். பெரியப்பா அந்தத் தாளோடு வந்து அமர்ந்தபோது, லாக் செய்ய எனக்கு மீதமிருந்தது நாற்பது நிமிடம்.