தாய்லாந்தில் கண்ணெதிரே ஒரு சாலை விபத்து: நின்று என்ன செய்வது?

சியாங் மாயிலிருந்து பாய் ஊருக்குப் போகும் மலைச்சாலையில் 762 வளைவுகள் என்று பெருமையாக டி-ஷர்ட்டில் அச்சடித்தே விற்கிறார்கள். அதில் ஏதோ ஒரு வளைவில், எங்கள் வேனுக்கு முன்னால் போன ஸ்கூட்டர் எதிரே வந்த லாரியில் மோதியது, ஓட்டியவர் பிழைக்கவில்லை. வேனில் இருந்த ஒருவருக்கும் எந்த எண்ணுக்கு அடிப்பது என்று தெரியவில்லை, எனக்கும்தான்.

அதனால் முதலில் எண்கள். ஆம்புலன்ஸ் 1669, போலீஸ் 191, சுற்றுலாப் போலீஸ் 1155. ஆங்கிலத்தில் பேச 1155தான் வசதி. 1669-இல் பேச்சு புரியவில்லை என்றால் பக்கத்துக் கடைக்காரரிடம் போனைக் கொடுத்துவிடுங்கள், இடத்தின் பெயரை அவர் சொல்கிற வேகத்தில் நம்மால் சொல்லவே முடியாது. யாருமே இல்லாத இடமா, கூகுள் மேப்பைத் திறந்து சாலை எண்ணையும் பக்கத்து ஊரின் பெயரையும் சொல்லுங்கள்.

வண்டியை வளைவிலேயே நிறுத்தாதீர்கள். தள்ளி ஓரங்கட்டி, பின்னால் வருகிறவர்களைக் கையசைத்து நிறுத்த ஒருவரை விடுங்கள். உதவப் போனவரே அடுத்த வண்டியில் அடிபடுவதும் உண்டு.

அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைப்பது, தண்ணீர் கொடுப்பது எல்லாம் நம் ஊர்ப் பழக்கம், வேண்டாம். மூச்சு தடைபட்டால் தவிர ஹெல்மெட்டையும் கழற்றாதீர்கள். ரத்தம் கொட்டுகிற இடத்தில் துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். மூச்சே இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். உயிர் போய்விட்டது என்று நாமே முடிவு கட்டக் கூடாது, அதை மருத்துவர் சொல்லட்டும்.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் சீருடை போட்ட தன்னார்வலர்கள் வேனில் வந்து இறங்கலாம். யாரோ என்று தடுக்காதீர்கள், அங்கே மீட்பு வேலையில் பெரும்பங்கு இவர்கள் கையில்தான். பாங்காக்கின் போ தெக் துங் அறக்கட்டளை இப்படித்தான், நூறு வருடங்களுக்கு முன் கேட்பாரற்ற பிணங்களை அடக்கம் செய்ய சீன வம்சாவளியினர் தொடங்கியது. அவர்கள் வந்ததும் விலகி நில்லுங்கள், போனைப் பைக்குள் வையுங்கள். இறந்தவரின் அம்மா வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்கிற நிலை யாருக்கும் வரக் கூடாது. டாஷ்கேம், அதாவது வண்டியின் முன்னால் பொருத்திய கேமராவின் பதிவு இருந்தால் போலீஸிடம் மட்டும் கொடுங்கள்.

போலீஸ் கேட்டால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "லாரி வேகமாக வந்தது" என்பது நம் ஊகம், "லாரி நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது" என்பது பார்த்தது. தாய்லாந்து மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், 1155-இல் மொழிபெயர்க்க ஆள் கேளுங்கள். அதிகாரியின் பெயர், ஸ்டேஷன், நேரம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இறந்தவர் இந்தியர் என்று தெரிந்தால் பாங்காக் தூதரகத்துக்கோ சியாங் மாய் துணைத் தூதரகத்துக்கோ தகவல் சொன்னால் போதும், வீட்டுக்குச் சொல்லும் வேலையை அவர்களிடம் விடுங்கள்.

அப்புறம் அன்று இரவு. தூக்கம் வராது, அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கும். சில நாட்களுக்கு இது இயல்புதான். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். இங்கிலாந்தில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள் அதைச் சற்று நினைவுகூர்ந்துவிட்டு டெட்ரிஸ் (மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் வீடியோ கேம்) ஆடியவர்களுக்கு அந்த வாரம் அந்தக் காட்சிகள் குறைவாகவே வந்தனவாம். 71 பேரிடம் செய்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் ஆடிப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை. ஒரு மாதமாகியும் விடவில்லை என்றால், ஊர் திரும்பியதும் 14416-க்கு அழையுங்கள், டெலி மானஸ் என்ற இந்திய அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.