இன்ஜினியர் அணி மாறுகிறாராமே! அந்த வதந்தியை எப்படிப் படிப்பது?

ஃபார்முலா 1 (எஃப்1) கார் பந்தயத்தில் ஒரு டிரைவர் அணி மாறப் போகிறார் என்று பேச்சு வந்தால் சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. மொத்தமே இருபத்திரண்டு சீட்டுதான், யாருக்கு எந்த ஆண்டு வரை ஒப்பந்தம் என்பதும் ஓரளவு வெளியில் தெரிந்த விஷயம். ஆனால் டெக்னிக்கல் டைரக்டர் போகிறாராம், ஏரோடைனமிக்ஸ் (காற்றோட்டத்துக்கேற்ற கார் வடிவம்) பிரிவின் தலைவர் எதிரணியோடு பேசிக்கொண்டிருக்கிறாராம் என்று வரும் செய்தி வேறு ரகம். அவர்களுடைய ஒப்பந்த விவரம் வெளியே வராது, அவர்கள் பேட்டி கொடுப்பதும் குறைவு, அணியும் வாய் திறக்காது. அதனால் இந்த வகை வதந்தி மாதக்கணக்கில் சுற்றும். நான் அதை எப்படிப் படிக்கிறேன் என்று சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, அணி கொடுக்கும் மறுப்பை ஒவ்வொரு சொல்லாகப் படிப்பது. இதற்கு 2024 ஏப்ரலைவிட நல்ல பாடம் கிடைக்காது. அட்ரியன் நியூவி ரெட் புல்லை விட்டு விலக நினைக்கிறார் என்று ஏப்ரல் 25 அன்று ஜெர்மனியின் ஆட்டோ மோட்டார் உண்ட் ஸ்போர்ட் பத்திரிகை எழுதியது. வில்லியம்ஸ், மெக்லாரன், ரெட் புல் என்று மூன்று அணிகளுக்கும் சாம்பியன் கார்களை உருவாக்கியவர், இன்றும் பென்சிலும் டிராயிங் போர்டுமாக வேலை செய்பவர், 2006 முதல் ரெட் புல்லில் இருந்தவர். செய்தி தீயாகப் பரவியது. ரெட் புல்லின் பதிலில் இரண்டே விஷயம் இருந்தது. ஒன்று, அவருக்குக் குறைந்தது 2025 இறுதி வரை ஒப்பந்தம் இருக்கிறது. இரண்டு, அவர் வேறு எந்த அணியிலும் சேருவதாக எங்களுக்குத் தெரியாது. பலர் இதைப் படித்துவிட்டு, சரி, வதந்திதான் என்று போய்விட்டார்கள்.

ஆனால் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். ‘அவர் போகவில்லை’ என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது? ஒப்பந்தம் இருப்பவரும் என்னை விடுவியுங்கள் என்று கேட்கலாம். வேறு அணியில் சேராமலே வெளியேறலாம். கேள்வி, விலகுகிறாரா என்பது. வந்த பதில், எங்கே சேருகிறார் என்பதைப் பற்றியது. ஆறே நாளில், மே 1 அன்று, 2025-இன் தொடக்கத்தில் அவர் விலகுவார் என்று ரெட் புல்லே அறிவித்தது. முதலில் வந்த அறிக்கையில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால் மறுப்பு வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கேள்விக்கு இதில் பதில் இல்லை? ‘புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது, இத்தனை ஆண்டுக்கு’ என்று வந்தால் அது உருப்படியான மறுப்பு. மற்றதெல்லாம் நேரம் வாங்கும் பேச்சு.

கையெழுத்தே போட்டுவிட்டாலும் முடிந்த கதை இல்லை என்பதற்கும் இதே மனிதர்தான் சாட்சி. 2001 ஜூன் 1 அன்று, மெக்லாரனில் இருந்த நியூவி எங்களிடம் வருகிறார் என்று ஜாகுவார் அணி அறிவித்தது. அங்கே தலைவராக இருந்த பாபி ராஹால் அவருடைய பழைய நண்பர். அதே நாளில் மெக்லாரனிடமிருந்து எதிர் அறிவிப்பு: அவர் எங்களோடுதான் இருக்கப் போகிறார். மெக்லாரன் தலைவர் ரான் டென்னிஸ் பேசிப் பேசி அவர் மனதை மாற்றியிருந்தார். ஆக, எதிரணி சொன்னதாலேயே நம்பிவிடக் கூடாது, அந்த ஆளின் வாயாலேயோ அவர் இருக்கும் அணியின் வாயாலேயோ வர வேண்டும். இதில் எனக்கு இன்றும் ஆச்சரியம் என்னவென்றால், அதே ஜாகுவார் அணியைத்தான் 2004 இறுதியில் ரெட் புல் வாங்கியது, 2006-இல் நியூவி அங்கேயே போய்ச் சேர்ந்தார்.

அப்புறம் நாள்கணக்கு. எங்கே போகிறார் என்பதை எல்லோரும் கேட்கிறார்கள், எப்போது வேலையைத் தொடங்க முடியும் என்பதுதான் முக்கியமான கேள்வி. கார்டனிங் லீவ் என்று ஒன்று இருக்கிறது. சம்பளம் மாதாமாதம் வரும், ஆனால் அலுவலகத்துக்குள் கால் வைக்கக் கூடாது, எதிரணிக்கும் வேலை செய்யக் கூடாது. எஃப்1-இல் ஒரு டிசைன் ரகசியம் சீக்கிரம் பழசாகிவிடும், ஆறு மாதம், ஒரு வருடம் ஆளை வெளியே வைத்திருந்தால் அவர் தலையில் இருப்பதன் மதிப்பு குறைந்துவிடும். இன்ஜினியர் ராப் மார்ஷல் ரெட் புல்லிலிருந்து மெக்லாரனுக்குப் போகும் செய்தி 2023 மே மாதமே உறுதியானது, வேலையில் சேர்ந்தது 2024 ஜனவரியில். ரெட் புல்லின் ஏரோடைனமிக்ஸ் தலைவர் டான் ஃபாலோஸ் ஆஸ்டன் மார்ட்டினுக்கு வருகிறார் என்று 2021 ஜூனில் அறிவித்தார்கள், ரெட் புல் விடவில்லை, இரண்டு அணியும் பேசி முடித்து அவர் வந்து சேர 2022 ஏப்ரல் 2 ஆகிவிட்டது.

இந்தக் கணக்கோடு விதிமுறை மாறும் ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். 2026-இல் கார், இன்ஜின் இரண்டுக்கும் புது விதிகள். அந்தக் காருக்கான விண்ட் டனல் (காற்றை ஓட்டி கார் மாடலைச் சோதிக்கும் கூடம்) வேலையை 2025 ஜனவரி 1-க்கு முன்னால் எந்த அணியும் தொடங்கக் கூடாது என்று தடை இருந்தது. 2025 மார்ச்சில் வருபவரால் 2026 காரில் கைவைக்க முடியும், அந்த ஆண்டு கடைசியில் வருபவரால் பெரிதாக எதுவும் முடியாது. நியூவி 2025 மார்ச்சில் ஆஸ்டன் மார்ட்டினில் சேர்ந்ததை இந்த வெளிச்சத்தில் பார்த்தால்தான், ஒப்பந்தம் இருந்தும் பேசி முன்கூட்டியே வெளியே வந்ததன் அருமை புரியும்.

இடத்தையும் பார்க்க வேண்டும், இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ரெட் புல் இருப்பது மில்டன் கீன்ஸில், ஆஸ்டன் மார்ட்டின் சில்வர்ஸ்டோனில், மெர்சிடிஸ் பிராக்லியில். வீட்டை மாற்றாமல், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை மாற்றாமல் அணியை மாற்றலாம். ஃபெராரி என்றால் இத்தாலியின் மரனெல்லோவுக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். 2024 மே மாதம் ஃபெராரி என்ற பெயர்தான் எங்கும் அடிபட்டது. ஜூனில், நியூவி ஆஸ்டன் மார்ட்டின் தொழிற்சாலையைச் சத்தமில்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று செய்தி வந்தது. அங்கே புதுக் கட்டடம், கட்டி முடியும் நிலையில் சொந்த விண்ட் டனல், 2026 முதல் ஹோண்டா இன்ஜின். ஆள் எங்கே போவார் என்று ஊகிக்க, எந்த அணி காசையும் கட்டடத்தையும் போட்டுவிட்டு ஆளுக்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள்.

யார் இந்தப் பேச்சைக் கிளப்பினால் யாருக்கு லாபம் என்பதும் ஒரு கேள்வி. சம்பளம் பேசும் நேரத்தில் எதிரணியின் பெயர் வெளியே வந்தால் ஆளுக்கு லாபம். எதிரணிக்குள் குழப்பம் என்று காட்டுவது போட்டி அணிக்கு லாபம். நியூவிக்காகப் பேச்சுவார்த்தை நடத்தியவர் எட்டி ஜோர்டான், 2005-இல் நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய ஜோர்டான் அணியை நிறுவியவர். பேரம் பேசுவதில் பழுத்த ஆள். அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால், நான்கு அணிகளின் பெயர் உலவுவதில் வியப்பில்லை.

கடைசியாக, ஆள் மாறிய பிறகு டிராக்கில் தெரிவதை அவர் கணக்கில் எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிதானியுங்கள். 2022 மே மாதம் பார்சிலோனாவில் ஆஸ்டன் மார்ட்டின் புது வடிவத்தில் காரை இறக்கியபோது அது ரெட் புல்லைப் போலவே இருந்தது. ரெட் புல் ஆட்கள், டிராக் ஓரத்தில் அணியினர் உட்காரும் பிட் சுவரில், ஆஸ்டன் மார்ட்டினின் நிறமான பச்சையில் ரெட் புல் பான கேன்களை வைத்துக் குத்திக்காட்டினார்கள். ஃபாலோஸ் கொண்டுவந்த டிசைன் என்று பேச்சு ஓடியது. தேதியைப் பாருங்கள்: ஏப்ரல் 2-இலிருந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. டிசைன் போட்டு, அறுபது சதவீத அளவு மாடலை விண்ட் டனலில் வைத்துச் சோதித்து, கார்பன் ஃபைபரில் பாகங்களைச் செய்து முடிக்க அது போதாது. பந்தயத்தை நிர்வகிக்கும் அமைப்பான எஃப்ஐஏ விசாரித்துத் தவறில்லை என்று சொல்லிவிட்டது. ஒருவர் தலையில் இருப்பதைக் கொண்டுபோகலாம், காகிதத்தைக் கொண்டுபோகக் கூடாது. 2007-இல் ஃபெராரியின் 780 பக்க ஆவணம் மெக்லாரன் டிசைனர் ஒருவரின் கைக்குப் போனதற்கு அந்த அணிக்கு 10 கோடி டாலர் அபராதம் விழுந்தது.

மெக்லாரன் 2024-இல் கன்ஸ்ட்ரக்டர்ஸ் பட்டம் (அணிகளுக்கான சாம்பியன் பட்டம்) வென்றதையும் அப்படியே மார்ஷலுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் வருவதற்கு முன்பே, 2023 ஜூலையில் ஆஸ்திரியாவிலேயே அந்தக் கார் வேகம் பிடித்துவிட்டது. பெயர் வெளியே வராத நூற்றுக்கணக்கான பேருடைய உழைப்பு அது, அவர்களை மறப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை.

நீங்கள் இதையெல்லாம் தமிழில் எழுதிப் பகிர்பவராக இருந்தால் இன்னொன்று. ஆங்கிலத்தில் ‘போகக்கூடும்’, ‘போவதாகத் தெரிகிறது’ என்ற பொருளில் வருவதைத் தமிழாக்கும்போது பலர் ‘போகிறார்’ என்று முடித்துவிடுகிறார்கள். நமக்கு ‘ஆம்’ என்று ஒரு விகுதி கையிலேயே இருக்கிறதே. ‘நியூவி ஃபெராரிக்குப் போகிறாராம்’ என்று 2024 மே மாதம் எழுதியவர் எதையும் திருத்த வேண்டி வரவில்லை. ‘போகிறார்’ என்று எழுதியவர், செப்டம்பர் 10 அன்று சில்வர்ஸ்டோனில் ஆஸ்டன் மார்ட்டின் அவரை மேடையேற்றியபோது பழைய பதிவைத் தேடிப்போய் அழிக்க வேண்டியதாயிற்று.