ஆக்லாந்தில் முதல் குளிர்காலமும் ஹீட் பம்பும்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பனி கொட்டாது. ஜூலை இரவில் பெரும்பாலும் 7, 8 டிகிரிதான். இவ்வளவுதானே என்றுதான் நாங்களும் நினைத்தோம். ஆனால் குளிர் வீட்டுக்குள் இருந்தது. பழைய மரவீடு, காலையில் எழுந்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், திரைச்சீலை ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருக்கும்.

சுவரில் நம் ஊர் ஸ்பிளிட் ஏசி மாதிரி ஒன்று இருக்கும். அதுதான் இங்கே ஹீட் பம்ப். ஏசி அறையின் வெப்பத்தை வெளியே தள்ளும். இது அதோடு, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளேயும் இழுத்து வரும். 7 டிகிரி காற்றிலும் எடுப்பதற்கு வெப்பம் உண்டு. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மாற்றுவதால், 1 யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். பிளக்கில் செருகும் ஹீட்டரில் ஒன்றுக்கு ஒன்றுதான். கரண்ட் பில்லுக்குப் பயந்து ஹீட் பம்பை அணைத்துவிட்டு அந்தச் சின்ன ஹீட்டரைப் போடாதீர்கள். பில் அதில்தான் ஏறும்.

ரிமோட்டில் சூரியன் படம் இருப்பதுதான் ஹீட்டிங். சீக்கிரம் சூடாகட்டும் என்று முதல் வாரம் நாங்கள் 30 வைத்தோம். அறை சூடாகும் வேகம் கூடவில்லை, வீண் செலவுதான். 19 முதல் 21 வரை போதும். சூடான காற்று மேலே போகும் என்பதால் காற்று வரும் தகட்டைக் கீழ்நோக்கித் திருப்பி, கதவைச் சாத்திவையுங்கள். ஹாலோடு சேர்ந்த சமையலறை என்றால் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு பில்டரில் படியும். மாதம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். குளிர்காலத்தில் வெளியே இருக்கும் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டினால் பதற வேண்டாம், அது இயல்பு.

அப்புறம் வாடகை விஷயம். 2025 ஜூலை 1 முதல் எல்லாத் தனியார் வாடகை வீடுகளும் ஹெல்தி ஹோம்ஸ் விதிகளுக்கு, அதாவது வாடகை வீடு சூடாகவும் ஈரமில்லாமலும் இருக்க அரசு வைத்த விதிகளுக்கு, உட்பட்டிருக்க வேண்டும். ஹாலை 18 டிகிரிக்குச் சூடாக்கக்கூடிய நிலையான ஹீட்டரை வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தோடு, வீடு இந்த விதிகளுக்கு எவ்வளவு உட்பட்டிருக்கிறது என்ற அறிக்கையும் தர வேண்டும்; கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழுதானால் வாயால் சொன்னதோடு நிற்காமல், படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று பலர் குளிரிலேயே இருந்துவிடுகிறார்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அப்படி இருக்காதீர்கள்.