வாட்டர் சர்வீஸ் தண்ணீரிலிருந்து ஆயிலைப் பிரிப்பது எப்படி?

திருநெல்வேலியில் பேட்டை, தச்சநல்லூர், மேலப்பாளையம் பக்கம் சின்னதாக வாட்டர் சர்வீஸ் ஷெட்டோ லேத் பட்டறையோ வைத்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வண்டி கழுவிய தண்ணீர் ஓடையில் இறங்கி நெல்லைக் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ சேர்ந்தால், அடுத்து வயல்தான். ஆறு, கால்வாயில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. பொதுச் சாக்கடைக்கு 20.

முதல் வேலை, கொத்தனாரைக் கூப்பிடுவது இல்லை. ஒரு கண்ணாடி பாட்டிலில் கழிவுநீரைப் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். ஆயில் மேலே படலமாகத் திரண்டு, கீழே தண்ணீர் ஓரளவு தெளிந்தால் தொட்டி ஒன்றே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடும். அப்படி இல்லாமல் மோர் மாதிரி கலங்கியே நின்றால், சோப்பு ஆயிலைப் பொடிப்பொடித் துளியாக உடைத்துத் தண்ணீரோடு கலந்துவிட்டது என்று அர்த்தம். துளியின் விட்டம் பாதியானால் அது மேலே வரும் வேகம் கால்பங்காகிவிடும், அதனால் இந்தத் தண்ணீரை எவ்வளவு பெரிய தொட்டியில் நிறுத்தினாலும் லேசில் பிரியாது.

ஆகவே ஷாம்பு போட்டுக் கழுவும் இடத்தையும் ஆயில் மாற்றும் இடத்தையும் தனித்தனியாக வையுங்கள், இரண்டு வாய்க்காலும் சேரவே கூடாது. ஆயில் மாற்றும்போது கீழே தட்டு வைத்துப் பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும், யாரும் செய்வதில்லை. லேத்தில் சூடு தணிக்க ஊற்றும் கூலண்ட்டையும் தனியாகப் பிடியுங்கள், அது தண்ணீரில் கலப்பதற்கென்றே செய்த எண்ணெய்.

அப்புறம் தொட்டி. மூன்று அறை போதும்: முதலில் மண் படியும், இரண்டாவதில் ஆயில் மிதக்கும், மூன்றாவதிலிருந்து தண்ணீர் வெளியே போகும். இரண்டாவது அறையிலிருந்து போகும் குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) மாட்டி, கீழ்வாய் தண்ணீருக்குள் ஒரு அடியாவது இறங்கி இருக்கும்படியும் மேல்வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும்படியும் வையுங்கள், இல்லையென்றால் மிதக்கிற ஆயிலும் சேர்ந்து ஓடிவிடும். மணிக்கு 500 லிட்டர் வந்து, அது 2 மணி நேரம் நிற்கவேண்டும் என்றால் 1000 லிட்டர் இடம் வேண்டும். மண்ணுக்கும் ஆயிலுக்கும் சேர்த்துக் கொஞ்சம் தாராளமாகவே கட்டுங்கள். தொட்டிக்குள் தண்ணீர் சரிவில் தானாக வரட்டும், மோட்டார் போட்டு இறைத்தால் அதுவே ஆயிலை அடித்துப் பொடியாக்கிவிடும்.

கலங்கல் தண்ணீருக்குப் படிகாரம். 100 கிராமைக் கரைத்து ஒரு லிட்டர் கரைசலாக்கி, அதில் 1, 2, 3, 5 மில்லி என்று ஒவ்வொரு லிட்டர் கழிவுநீருக்கும் விட்டுப் பாருங்கள் (1 மில்லிக்கு 100 மில்லிகிராம் படிகாரம்). ஒரு நிமிடம் வேகமாக, பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். எதில் குறைந்த மருந்தில் திரிதிரியாகப் பிரிந்து தெளிகிறதோ அதுதான் அளவு. புளிப்புத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் 6-க்குக் கீழே காட்டினால் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கலாம். தெளிந்தது போலத் தெரிவதை நம்பாதீர்கள், 10 மில்லிகிராமைக் கண்ணால் பார்த்துச் சொல்லமுடியாது, ஆய்வகத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள்.

வழித்தெடுத்த ஆயிலை மூடியுள்ள டிரம்மில் சேர்த்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ள மறுசுழற்சிக்காரரிடம் மட்டும் கொடுங்கள். கரையானுக்கு மரத்தில் பூசுவது, வேலியோரம் ஊற்றுவது, சூளையில் எரிப்பது எதுவும் வேண்டாம். அடியில் படிந்த சகதியும் ஆயில் ஊறியதுதான், அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் விழாமல் திருப்பிவிடுங்கள். 2023 டிசம்பரில் பெய்ததைப் போல ஒரு மழை வந்தால் மிதக்கும் ஆயில் மொத்தமும் தெருவுக்கு வந்துவிடும், அதனால் ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டியை வழித்துவிடுங்கள்.