நாடுகளைக் கடக்கும் மோட்டார்ஹோமுக்கு எரிவாயு ஏற்பாடு

தங்கும் வசதியுள்ள வண்டியான மோட்டார்ஹோமில் ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்புகிறவர்கள், சமையலுக்கும் வெப்பமூட்டவும் வேண்டிய எரிவாயு வழியில் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். எரிவாயு எல்லா நாட்டிலும் கிடைக்கிறது. பொருந்தாமல் போவது சிலிண்டரின் வாய்தான். ஜெர்மானியச் சிலிண்டரின் மரை இத்தாலியில் பொருந்தாது, இத்தாலியுடையது பிரிட்டனில் பொருந்தாது. ஒரு நாட்டில் வைப்புத்தொகை கட்டி வாங்கிய சிலிண்டரை அடுத்த நாட்டுக் கடைக்காரர் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார். ஆகவே எந்தச் சிலிண்டர் மலிவு என்று பார்ப்பதற்கு முன், போகிற வழி முழுவதும் எதை மாற்றவோ நிரப்பவோ முடியும் என்று பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது வாயுவின் வகை. பியூட்டேன் ஏறத்தாழ பூஜ்ஜிய டிகிரி செல்சியஸிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோபேனோ மைனஸ் 42 டிகிரி வரை ஆவியாகிக்கொண்டிருக்கும். உறைபனி விழுந்த காலையில் பியூட்டேன் சிலிண்டரைத் தூக்கிக் குலுக்கினால் உள்ளே திரவம் தளும்புவது நன்றாகக் கேட்கும். அடுப்பிலோ சுடர் நீலப் பொட்டாகச் சுருங்கி அணைந்துவிடும். கோடையில் கடற்கரையோரமாக மட்டும் போகிறவர்களுக்குப் பியூட்டேன் போதும். மலைப்பகுதியோ குளிர்காலமோ பயணத்தில் இருந்தால் புரோபேனைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு தேவை என்பதைச் சமையலை வைத்துக் கணக்கிடாதீர்கள். அதற்குச் செலவாவது சொற்பம். வாயுவில் இயங்கும் குளிர்பதனப் பெட்டி நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம் எடுக்கும். உண்மையில் சிலிண்டரைக் காலி செய்வது வெப்பமூட்டிதான். 2 கிலோவாட் அளவில் அது இடைவிடாமல் எரிந்தால் மணிக்குச் சுமார் 160 கிராம் போகும். அந்தக் கணக்கில் 11 கிலோ சிலிண்டர் மூன்று நாள்கூடத் தாங்காது.

இனி ஏற்பாடுகளுக்கு வருவோம். இரண்டு மூன்று வாரக் கோடைப் பயணத்துக்குக் கேம்பிங்காஸ் என்ற நிறுவனத்தின் நீலச் சிலிண்டர் வசதியானது. பல ஐரோப்பிய நாடுகளில் அதே வாயமைப்புடன் கிடைப்பதால் காலியானதைக் கொடுத்து நிறைந்ததை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதன் பெரிய அளவான 907-இல்கூட 2.75 கிலோ பியூட்டேன்தான் இருக்கும், கிலோ கணக்கில் பார்த்தால் விலையும் கூடுதல். ஒரே நாட்டில் ஒரு பருவம் முழுவதும் தங்குகிறவர்கள் அந்த நாட்டுச் சிலிண்டரையே வாங்கிக்கொள்வது நல்லது. ஜெர்மனியில் வாங்குவதானால், வைப்புத்தொகை கட்டி எடுக்கும் சிவப்புச் சிலிண்டரைவிடச் சொந்தமாகிவிடும் சாம்பல்நிறச் சிலிண்டரை எந்தக் கடையிலும் மாற்றுவது எளிது.

மாதக்கணக்கில் பல எல்லைகளைக் கடப்பவர்களுக்கு என் முடிவு தெளிவானது: மறுபடி மறுபடி நிரப்பக்கூடிய சொந்தச் சிலிண்டரையோ நிலையான தொட்டியையோ வண்டியில் பொருத்திக்கொள்ளுங்கள். கார்களுக்கு எல்பிஜி (புரோபேனும் பியூட்டேனும் கலந்த திரவ எரிவாயு) நிரப்பும் எரிபொருள் நிலையங்களிலேயே அதை நிரப்பலாம். கொள்ளளவில் 80 சதவீதம் நிறைந்தவுடன் தானாக மூடிக்கொள்ளும் வால்வு அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வெயிலில் திரவம் விரிவதற்கு அந்த மீதி இடம் தேவை. இந்த வால்வு இல்லாத சாதாரணச் சிலிண்டரை அடாப்டர் வைத்துப் பம்பில் நிரப்புவது உயிரோடு விளையாடுவதுதான், எவர் செய்து காட்டினாலும் செய்யாதீர்கள். நிரப்பும் வாயை வண்டியின் வெளிச்சுவரில் பொருத்துவதில் இன்னொரு நன்மை உண்டு: கையில் தூக்கிவரும் சிலிண்டரைக் கண்டு மறுக்கும் ஊழியர்கள் பலர், சுவரில் உள்ள வாயைக் கண்டால் ஆட்சேபிப்பதில்லை.

பம்பின் வாய்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் ஆக்மி, பிரான்ஸிலும் இத்தாலியிலும் டிஷ், பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் பயோனெட், ஸ்பெயினில் யூரோ நாசில் என நான்கு வகை உண்டு. அந்த அடாப்டர்களை ஒரு சிறு பையில் போட்டு நிரப்பும் வாயின் அருகிலேயே வையுங்கள். எரிபொருளின் பெயர் பிரான்ஸிலும் இத்தாலியிலும் ஜிபிஎல், ஸ்பெயினில் ஜிஎல்பி என்று எழுதப்பட்டிருக்கும். 2018 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துப் பம்புகளில் சாய்சதுரக் கட்டத்துக்குள் எல்பிஜி என்ற குறியும் இருக்கும். அடாப்டரைக் கையால் இறுக்கி, பம்பின் வாயை மாட்டி, பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். வால்வு மூடிக்கொண்டதும் பம்பின் ஓசை மாறி மீட்டர் நின்றுவிடும். கழற்றும்போது புஸ்ஸென்று கொஞ்சம் வாயு வெளியேறும். அது இயல்பானது, முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டு, கையுறை அணிந்து கழற்றுங்கள்.

எந்தச் சிலிண்டரானாலும் வண்டியின் ரெகுலேட்டரை மாற்றாதீர்கள். இன்றைய ஐரோப்பிய வண்டிகளின் அடுப்பும் வெப்பமூட்டியும் 30 மில்லிபார் அழுத்தத்துக்கானவை. பழைய ஜெர்மானிய வண்டிகளில் அது 50 மில்லிபாராக இருக்கும், எனவே கருவியின் தகட்டில் உள்ள எண்ணைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ரெகுலேட்டரைச் சுவரில் நிலையாகப் பொருத்தி, சிலிண்டரையும் அதையும் இணைக்கும் உயர் அழுத்தக் குழாயை மட்டும் நாட்டுக்கேற்ப மாற்றுவதே சரியான முறை. ரெகுலேட்டர் சிலிண்டரின் வாயைவிட உயரத்தில் இருந்தால், வாயுவோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு அதற்குள் தேங்காமல் சிலிண்டருக்கே திரும்பிவிடும்.

புதிய இணைப்பைத் திறந்ததும் சோப்பு நீரைத் தூரிகையால் மரையின் மேல் தடவிப் பாருங்கள். அரைநிமிடம் கழித்து மெல்ல உப்பும் ஒரே ஒரு குமிழியும் கசிவுதான். இந்த மரைகளில் பல இடப்புறம் திருப்பினால் இறுகுபவை என்பதால், பழக்கத்தில் எதிர்த்திசையில் முறுக்கிக் கெடுத்துவிடாதீர்கள். புரோபேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியிலுள்ள துளையை மூட்டைகள் அடைத்திருக்கக் கூடாது. வடக்கு நோக்கிப் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பின்லாந்தில் வாகன எல்பிஜி நிரப்பும் நிலையங்கள் அரிதாகவே இருப்பதால், அதற்கு முன்பே கிடைக்கிற இடத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டு எல்லையைத் தாண்டுங்கள்.